தேன்மொழிக்கு: எந்த எபிசோடை எப்போது பார்ப்பது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்ற சேதிகளைப் போனில் சொல்கிறேன், நீ எடுக்கும்போது.

போனில் பேசினால் "நர்ஸ் மாதிரி பேசாதே அம்மா" என்கிறாய். சரி, இன்றைக்கு ஒரு டிவி தொடரைப் பற்றி எழுதுகிறேன். பிரசவ லீவு தொடங்கும்வரை ராத்திரியில் பார்க்க ஏதாவது சொல் என்று நீதான் கேட்டிருந்தாய்.

'கால் த மிட்வைஃப்' பார். மிட்வைஃப் என்றால் பிரசவம் பார்க்கிறவர். பிபிசி ஒன் சேனலில் 2012 ஜனவரியில் ஆரம்பித்த தொடர். உனக்கு பிபிசியின் ஐபிளேயரில் கிடைக்கும். ஆனால் லேப்டாப்பில் பார்த்தாலும் டிவி லைசென்ஸ் இருக்க வேண்டும். மாப்பிள்ளை கட்டியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள். சப்டைட்டிலைப் போட்டுக்கொள். லண்டன் ஈஸ்ட் எண்ட் பெண்கள் வலியில் பேசுவது அந்த ஊர்க்காரர்களுக்கே பிடிபடாது.

கதை 1957-இல், ஈஸ்ட் எண்டில் இருக்கிற பாப்லரில் தொடங்குகிறது. நீ வேலைக்குப் போகிற கேனரி வார்ஃபிலிருந்து நடந்தே போய்விடலாம். உன் ஆபீஸ் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் அப்போது வெஸ்ட் இண்டியா டாக்ஸ் இருந்தது. துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள், போரில் குண்டு விழுந்து இன்னும் எழும்பாத தெருக்கள், ஒரே அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளுக்கு ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரீகளும் இளம் மிட்வைஃப்களும் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்க்கிறார்கள். தேசிய மருத்துவச் சேவை தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்த நேரம்; யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்தத் தொடருக்கு மூலமான நினைவுகளை எழுதிய ஜெனிஃபர் வொர்த் அங்கே உண்மையிலேயே மிட்வைஃபாக வேலை பார்த்தவர். டெரி கோட்ஸ் என்ற மிட்வைஃப், மிட்வைஃப்களின் வேலையை யாராவது எழுத வேண்டும் என்று 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்துத்தான் வொர்த் தன் நினைவுகளை எழுத உட்கார்ந்தார். அதே டெரி கோட்ஸ்தான் தொடருக்கு ஆலோசகர். அதனால்தான் நடிகைகளின் கைகள் சரியான இடத்தில் இருக்கின்றன. தலை தெரிய ஆரம்பித்ததும் ஒரு கை தலையைச் சட்டென்று வெளியே பாய விடாமல் தாங்கி நிற்கும். "முக்காதே, வாயால் மூச்சு வாங்கு" என்பார்கள். கிழியாமல் இருக்க அதுதான் வழி. மற்ற தொடர்களில் எல்லாம் ஒரு கத்தல், உடனே துணியில் சுற்றிய குழந்தை. இதில் வேலை தெரிகிறது.

முதல் சீசனில் ஆறு எபிசோட்தான். முதலாவதை அவசியம் பார். கொஞ்சிட்டா என்ற ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுக்கு இருபத்தைந்தாவது பிரசவம், குறைமாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடமாட்டாள். குழந்தையைத் தன் மார்போடு, தோலோடு தோலாக வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறாள். இதையே 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் போகோட்டாவில் டாக்டர்கள் முறையாகத் தொடங்கினார்கள்; இப்போது கங்காரு முறை என்று எல்லா ஊரிலும் செய்கிறோம். உனக்கும் குழந்தை பிறந்ததும் மார்பில் போடச் சொல்லிக் கேள்.

இரண்டாவதில் சம்மி என்கிற உயரமான பெண் பிட்டம் முன்னால் வரும் பிரசவத்தைத் தனியாகப் பார்க்கிறாள். அங்கே அவள் எதையும் இழுக்காமல் நிற்பதைக் கவனி. குழந்தை தன் கனத்திலேயே இறங்கி, பிடரி மயிர் தெரியும்வரை கை வைக்கக் கூடாது. இழுத்தால் தலை நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும்.

பார்க்காமல் விட வேண்டியதையும் சொல்கிறேன். முதல் சீசனின் பின்பாதியில், புதிதாகக் கல்யாணமான மார்கரெட் என்ற பெண் வருகிறாள். அந்த எபிசோட் இப்போது வேண்டாம். ஐந்தாம் சீசன், குழந்தைகள் கை கால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மாத்திரை பற்றியது. வாந்திக்கும் தூக்கத்துக்கும் டிஸ்டாவல் என்ற பெயரில் 1958 முதல் பிரிட்டனில் விற்று, 1961 கடைசியில்தான் நிறுத்தினார்கள். நல்ல டாக்டர் நல்ல மனதோடு எழுதிக் கொடுத்த மாத்திரை. தொடரிலேயே உயர்ந்த பகுதி அதுதான் என்பேன், ஆனாலும் குழந்தை கைக்கு வந்த பிறகு பார். ஏழாம் சீசனிலும் ஒரு சாவு உண்டு; யார் என்று சொல்லவில்லை.

ஆனால் வாராவாரம் நடக்கிற கிளினிக் காட்சிகளைத் தள்ளிவிடாதே. எல்லோரும் பிரசவக் காட்சிக்காகப் பார்க்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுவது கிளினிக்தான். வரிசையாக எடை, பிரஷர், யூரின். அந்தக் காலத்தில் யூரினைச் சோதனைக்குழாயில் முக்கால் அளவு எடுத்து, சாய்த்துப் பிடித்து மேல்பாதியை மட்டும் விளக்கில் காய்ச்சுவார்கள். மேலே கலங்கி, அடியில் தெளிவாக நின்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிறகு இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம். கலங்கல் கரைந்துவிட்டால் வெறும் பாஸ்பேட். கரையாமல் நின்றால் ஆல்புமின் என்கிற புரதம். ஆல்புமின் நின்றால், பிரஷரும் ஏறியிருந்தால், அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இன்றைக்கு ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மார்கரெட் எதனால் சாகிறாள் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும்: பிரஷர் ஏறி வலிப்பில் முடிகிற எக்லாம்ப்சியா. முதலில் தலைவலிதான். அப்புறம் வலிப்பு. அன்றைக்கு இருட்டறையில் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுப்பதைத் தவிர அதிகம் செய்ய முடியவில்லை. இப்போது மெக்னீசியம் சல்ஃபேட் இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் பார்த்து 2002-இல் முடிவைச் சொன்னார்கள்: வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. மருந்து இருக்கிறது தேன்மொழி. நேரத்துக்குப் போய் நின்றால்தான் அது கிடைக்கும்.

போன வீடியோ காலில் உன் மோதிரம் விரலில் இல்லை. சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாய். முகமும் வேறு மாதிரி இருந்தது. தலைவலி என்றாய். அதற்குப் பிறகு கேமராவையே ஆன் செய்வதில்லை. 31 வாரத்தில் கால் வீங்குவது எல்லோருக்கும் உண்டு. முகமும் கையும் திடீரென்று வீங்குவது வேறு. பெரியம்மா விஷயம் உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

தெரியாத ஊரில் தனியாக வீடு பிடித்து, வேலையில் மேலே வந்து, யாரிடமும் கை நீட்டாமல் நின்றவள் நீ. இங்கே யார் வந்தாலும் அப்பா அதைத்தான் சொல்கிறார். அதே பழக்கத்தில் இதையும் யாரிடமும் சொல்லாமல் சமாளிக்கப் பார்க்கிறாய். இது அப்படிச் சமாளிக்கிற காரியம் இல்லை.

பிரஷர் மெஷின் வாங்கு. கர்ப்பிணிகளுக்குச் சோதித்து ஒப்புக்கொண்ட மாடல்தானா என்று பார்த்து வாங்கு. சில மெஷின்கள் இந்த நிலையில் குறைத்துக் காட்டும். சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் இரு. பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதே. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி எடு. 140-க்கு 90 காட்டினால் அன்றைக்கே மகப்பேறு பிரிவுக்குப் போன் செய். 160-க்கு 110 என்றால் போன் செய்துகொண்டே கிளம்பு. பிரஷர் சரியாக இருந்தும் தலைவலி விடாவிட்டாலோ, கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்தாலோ, விலாவுக்குக் கீழே வலித்தாலோ, போய்த்தான் ஆக வேண்டும். உன் ஃபைலில் இருபத்துநாலு மணி நேர எண் இருக்கும். மெஷின் வரும்வரை காத்திருக்காதே. தலைவலி இருந்தால் இப்போதே அந்த எண்ணுக்குப் பேசு. உப்பைக் குறைத்தால் சரியாகும் என்று உன் மாமியார் சொல்லக்கூடும். அதனால் இது நிற்காது.

தெருக் காட்சிகள் நிறைய கென்ட்டில் சாத்தம் கப்பல்துறையில் எடுத்தவை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் போய்ப் பார்க்கலாம். நானும் வருகிறேன், விசா வேலையை அப்பா ஆரம்பித்துவிட்டார்.

இதை மெயிலில் அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கும் சேர்த்து அனுப்ப நினைத்தேன். உனக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டேன். நீயே அவரிடம் காட்டு. என்னிடம் பேச வேண்டாம், கேமரா வேண்டாம். மேல் எண், கீழ் எண், யூரின் ரிசல்ட், மூன்றையும் வாட்ஸ்அப்பில் போடு. இன்றைக்கே போடு.

அன்புடன்,
அம்மா