கல்கத்தா இருட்டறை: எண்ணிக்கை யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்கத்தாவில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்த வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஆட்கள், கைதிகளை ஒரு சிறு அறையில் அடைத்த இருட்டறைச் சம்பவம் பற்றிய உங்கள் கட்டுரைக்கு வந்த கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. 146 பேரை அடைத்ததில் 123 பேர் செத்தார்கள் என்பது ஒரு கட்சி. எல்லாமே வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்பது மறு கட்சி. சாட்சியங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் இரண்டுமே நிற்காது.

சம்பவம் 1756 ஜூன் 20 இரவு. உள்ளே கிடந்து உயிர் தப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஹால்வெல், ஜூலை 17 கடிதத்தில் அடைபட்டவர்கள் 165 அல்லது 170, பிழைத்தவர்கள் சுமார் 16 என்கிறார். ஆகஸ்ட் 3 அன்று, கூட்டிச் சொல்லிவிட்டதாகத் திருத்தி 146, 123 என்கிறார். பாடப்புத்தகத்தில் ஏறியது இந்தத் திருத்தம்தான். நெஞ்சை உலுக்கும் நீண்ட வர்ணனை 1757 பிப்ரவரியில் எழுதி 1758-ல் அச்சானது. இன்னொரு கைதி குக், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுமுன் வாக்குமூலம் கொடுத்ததோ 1772-ல். ஊரறிய அச்சாகி 14 ஆண்டு கழித்து வரும் வாக்குமூலம் அச்சோடு ஒத்துப்போவதில் அதிசயமில்லை. அதைத் தனிச் சாட்சியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்து அறை. 18 அடிக்கு 14 அடி 10 அங்குலம், அதாவது 267 சதுர அடி. 146 பேர் என்றால் தலைக்கு 1.83 சதுர அடி. 'இடமே போதாது' என்று எழுதிய வாசகர் காலை நேர மின்சார ரயிலில் ஏறியதில்லை போலும். நெருக்கி நின்றால் நிற்கலாம். இடிப்பது வேறு இடத்தில். அதே வர்ணனையில் காற்றுக்காகத் தொப்பிகளை வீசுகிறார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னதும் எழுகிறார்கள், ஹால்வெல் ஜன்னலை விட்டு அறையின் பின்பக்கம் போய்த் திரும்புகிறார். 1.83 சதுர அடியில் குந்துவது எப்படி? எண் சரியென்றால் காட்சி பொய், காட்சி சரியென்றால் எண் பொய். வரலாற்றாசிரியர் பிரிஜேன் குப்தா அடைபட்டவர் 64, பிழைத்தவர் 21 என்று கணித்தது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கோட்டைச் சண்டையில் செத்தவர்களும் தப்பி ஓடியவர்களும் ஹால்வெல் கணக்கில் புகுந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

ஆளின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். சிராஜுக்குப் பின் நவாபான மீர் ஜாபர் கொல்லச் சொன்னதாக இதே ஹால்வெல் கொடுத்த பட்டியலில், இருவர் தவிர மற்றவர்கள் உயிரோடிருப்பதாகக் கிளைவும் கம்பெனியின் கல்கத்தா கவுன்சிலும் 1766-ல் எழுதினார்கள்.

அதற்காக அவர் சொன்ன எல்லாவற்றையும் தூக்கிப்போட முடியாது. முதல் கடிதத்தில் நவாபே உத்தரவிட்டார் என்றவர், பின்னால் சிராஜ் உத் தௌலா சொன்னது இரவு காவலில் வை என்ற பொது உத்தரவுதான், வஞ்சம் தீர்த்தது ஜமேதார்கள் என்ற கீழ்நிலைப் படை அதிகாரிகள் என்கிறார். தன் தரப்புக்கு லாபமில்லாத இந்தத் திருத்தத்தை நான் நம்புவேன். உங்கள் பெட்டிச் செய்தியில் 123 மட்டும் இருந்தது. மறுபதிப்பில் ஜூலைக் கடிதத்தின் எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

ஒரு வாசகர்,
திருச்சி