குடிலனை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாடகங்களிலும் இடைக்கால இலக்கியத்திலும் வரும் பேராசை, அநீதி, மானம் பற்றித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையை ஊன்றிப் படித்தேன். ஷேக்ஸ்பியரின் மக்பெத்தையும், ஒதெல்லோவைப் பொய் சொல்லிக் கெடுக்கும் இயாகோவையும் பக்கம் பக்கமாக ஆராய்ந்த கட்டுரையாளர், மனோன்மணீயம் நாடகத்தில் வரும் வஞ்சக அமைச்சன் குடிலனை இயாகோவின் நகல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 'நம் பழைய இலக்கியத்தில் கெட்டவன் கெட்டவனாகவே வருகிறான், அநீதி எப்படி விளைகிறது என்ற விசாரணை அங்கே இல்லை' என்றும் எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்துக்கு லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற கதை அடிப்படை. அதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் நாடகம் நடக்கும் களம் நம் திருநெல்வேலி. குடிலனின் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டு வந்து இங்கே கோட்டை கட்டிக்கொள்கிறான். தூரத்து மதுரையை விட்டு அரசன் தன் கைக்குள் வந்துவிட்டால் அரியணையும் ஒரு நாள் தன்னிடம் வரும் என்பது அமைச்சன் போட்ட கணக்கு. சேர அரசன் புருடோத்தமனுக்கு ஜீவகனின் மகள் மனோன்மணியை மணம் பேச நடராசன் என்ற இளைஞனை அனுப்பலாம் என்கிறார் அரசகுரு சுந்தர முனிவர். குடிலனோ தன் மகன் பலதேவனைத் தூது அனுப்ப வைக்கிறான். கல்யாணப் பேச்சு நாஞ்சில் நாட்டுக்கான போராக முடிகிறது.

இவ்வளவையும் குடிலன் தனியாகவா செய்தான்? ஒவ்வொரு படியிலும் 'அப்படியே ஆகட்டும்' என்று தலையசைத்தவன் ஜீவகன். குடிலனின் உள்நோக்கத்தை முதலிலிருந்தே அறிந்தவன், அரசனுக்கு உண்மையானவனான நாராயணன். எச்சரித்தவனும் அவன்தான். போர் தோற்றதும் குடிலன் பழியை அந்த நாராயணன் மேலேயே திருப்புகிறான். அரசன் அதை நம்பித் தண்டனையும் விதித்துவிடுகிறான். இந்தக் காட்சியை நான் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எழுந்து நின்று வசனம் பேசவைத்து நடத்துவது வழக்கம். குடிலனாகப் பேச எல்லாப் பையன்களும் போட்டி போடுவார்கள். ஒரு முறை, எந்த வேடமும் கிடைக்காமல் கடைசி பெஞ்சில் இருந்த மாணவி எழுந்து, "நாராயணனைத் தனியாகக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று ராஜா ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன் ஐயா?" என்றாள். கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பேராசை உலகத்தில் எப்போதும் இருக்கும். அதற்குக் காது கொடுக்கும் அதிகாரம் கிடைக்கும்போதுதான் அது அநீதியாகிறது. ஷேக்ஸ்பியரும் இதைத்தான் காட்டுகிறார். ஒதெல்லோ நாடகத்தின் கடைசிக் காட்சியில், காசியோவோடு தொடர்பு என்று பழி சுமத்தப்பட்ட மனைவி டெஸ்டிமோனா, காசியோவை வரவழைத்துக் கேளுங்கள் என்று மன்றாடுகிறாள். அவன் வாயை அடைத்தாயிற்று என்கிறான் ஒதெல்லோ. லியர் மன்னன் நாடகத்தில் குளோஸ்டர் ஒரு பொய்க் கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் தன் மகன் எட்கரைத் துரோகி என்று முடிவு கட்டுகிறார். மக்பெத் மட்டும் வேறு. ஆசையும் கத்தியும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. அந்த அளவில் கட்டுரையாளர் சொன்னது சரி.

ஆனால் விசாரணை இல்லை என்று நம் இலக்கியத்தைப் பற்றிச் சொல்லலாமா? விசாரிக்காததையே குற்றமாக நிறுத்திய காப்பியம் சிலப்பதிகாரம். கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஊடியிருக்கும் தேவியிடம் போகிற அவசரத்தில் பாண்டியன், 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறான். போன காவலர்கள் கோவலனைப் பார்த்தவுடன் தயங்குகிறார்கள். 'கொலைப்படு மகன் அலன்' என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே கள்வர்களின் சாமர்த்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 'கல்லாக் களிமகன் ஒருவன்' வாளை வீசிவிடுகிறான். அநீதி எப்படி விளைகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த நாடகம் காட்டியது? அரசனின் அவசரம், ஒரு வஞ்சகனின் வாய்ச் சாமர்த்தியம், நல்லவர்களின் தயக்கம், ஒரு குடிகாரனின் கை. நான்கும் சேர்ந்தால்தான் கோவலன் சாகிறான்.

மானம் வருவது அதற்குப் பிறகு. உண்மை தெரிந்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லனை இழுத்துவரச் சொல்லவில்லை. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று தன் மேல் தீர்ப்பு எழுதிக்கொண்டு, 'கெடுக என் ஆயுள்' என்று விழுந்து மாய்கிறான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சுந்தரனார் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஜீவகனை அவர் சுலபமாக விட்டுவிட்டார். நாடகத்தில் மானத்தோடு நடப்பவன் பகையரசன் புருடோத்தமன். முனிவர் அமைத்த சுரங்க வழியைக் காட்டிக்கொடுத்து அரியணையைக் கைப்பற்ற வந்த குடிலனை அவன் விலங்கிட்டு, அதே வழியில் இழுத்து வருகிறான். காட்டிக்கொடுப்பவனால் கிடைக்கும் வெற்றியே வேண்டாம் என்று வெறுத்தவன் அவன்.

கம்பனைக் கட்டுரை தொடவே இல்லை. ரசிகமணி டி.கே.சி., நண்பர்கள் கூடும் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபையில் கம்பனைப் பாடிப் பாடிச் சுவைத்த ஊர்க்காரனாக அது எனக்குத் தாங்கவில்லை. அண்ணனின் சபையில் எழுந்து, 'பேசுவது மானம்; இடை பேணுவது காமம்' என்று முகத்துக்கு நேரே சொன்னவன் கும்பகருணன். அதே கும்பகருணன், வீடணன் வந்து அழைத்தபோது, 'போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்' என்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று தெரியும், சாகப் போகிறோம் என்றும் தெரியும். இந்த மனிதனைக் கெட்டவன் பட்டியலில் சேர்ப்பீர்களா, நல்லவன் பட்டியலிலா? மறைந்திருந்து அடித்த அம்பைப் பிடுங்கிப் பார்த்து ராமனையே நிறுத்திக் கேள்வி கேட்கிறான் வாலி. 'வாலியைப் படுத்தாய் அலை. மன் அற வேலியைப் படுத்தாய்' (நீ வீழ்த்தியது வாலியை அல்ல, அறத்தின் வேலியை) என்ற வரிகளை, ராமனைத் தெய்வமாக வணங்கிய கவிஞனே வாலியின் வாயில் வைத்தான்.

மானம் அரச குலத்துச் சொத்து என்ற தொனியும் கட்டுரை முழுவதும் ஓடுகிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் சன்னிதியில் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவதைக் கட்டுரையாளர் ஒரு முறை வந்து பார்க்கட்டும். வில்லுப்பாட்டில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன முத்துப்பட்டன் கதைதான் அது. அந்தணனான பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணக்க விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்து வா என்கிறார் பெண்களின் தகப்பன். அவனும் அப்படியே செய்கிறான். மாமனாரின் மாடுகளைக் கள்வர்கள் ஓட்டிக்கொண்டு போனதும் மணக்கோலம் கலையாமலே புறப்பட்டுப் போய் மீட்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்த, பட்டன் சாகிறான். இவன் எந்த அரசனுக்கு மானத்தில் குறைந்தவன்?

அரசர்களிலும் வேறு வகை உண்டு. தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டுக்காரன். தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டிப் பெருமை பேச அவனுக்கு இடம் இருந்தது. அவன் வெட்டி வைத்த பாட்டு, ஆராயினும் சரி, இந்த ஆலயத்தில் ஒரு குற்றம் வந்தால் அதை நேராக்கிக் காப்பவர்களைப் 'பாரார் அறியப் பணிந்தேன்' என்கிறது. புகழாசையை இப்படித் தாழ்ந்து நின்று சொன்ன அரசனின் எழுத்தையும் இடைக்கால இலக்கியக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

நெல்லையில் எந்த விழா நடந்தாலும் மனோன்மணீயத்துப் பாயிரத்திலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கிறோம். சுந்தரனார் பெயரில் பல்கலைக்கழகமும் வைத்திருக்கிறோம். நாடகம் மட்டும் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறது. இங்குள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் அடுத்த கல்வியாண்டில் அதை முழுமையாக மேடையேற்ற முன்வர வேண்டும். ஐந்து அங்கமும் முடியாது என்றால், நாராயணன் மேல் பழி விழும் காட்சியையாவது நடிக்கட்டும். ஜீவகன் வேடத்தை நன்றாக நடிக்கத் தெரிந்த மாணவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். தங்கள் இதழும் அந்தக் காட்சியை அரும்பத உரையோடு ஓர் இதழில் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.