நோட்டில் இல்லாத ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாடச் செலவை நோட்டில் எழுதி வந்தாலே வீட்டுப் பணம் கட்டுக்குள் நிற்கும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நான் 28 ஆண்டுகள் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். செலவு நோட்டை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவன். அந்த நோட்டே என் காலை வாரியதால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வாஷிங் மெஷினுக்கு வயதாகிவிட்டது. முதலில் பேரிங் போனது, மாற்றினேன். நாலு மாதத்தில் போர்டு போனது, அதையும் மாற்றினேன். அப்புறம் டிரம் சுற்றும்போதெல்லாம் கல்லை அரைப்பது போல ஒரு சத்தம். மெக்கானிக் புதிதாக ஒரு தொகை சொன்னார். நோட்டைப் புரட்டினால், முந்தைய இரண்டு தொகையும் சிவப்பு மையில் என்னை முறைக்கின்றன.

"இவ்வளவு போட்டாச்சு, இப்போ விட்டா அத்தனையும் வீண்" என்றேன்.

ஈரத் துணியை உதறிக்கொண்டே மனைவி கேட்டார்: "ஏங்க, இதே மெஷினை யாராவது சும்மா கொடுத்து, ரிப்பேர் செலவு மட்டும் உங்களுதுன்னு சொன்னா வாங்குவீங்களா?"

வாங்க மாட்டேன். 'மூழ்கிய செலவு' என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! போன பணம் நாம் தொடர்ந்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. இரண்டு தட்டிலும் ஒரே எடையாக இருப்பதைத் தராசில் வைத்து என்ன பயன்? மாணவர்கள் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். என் காசு என்று வந்ததும் புத்தி வேறு பக்கம் போய்விட்டது.

நான் மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பருவம் முழுவதற்குமான நாடக டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், அவர்களே எதிர்பாராமல், தள்ளுபடி கொடுத்தார்கள். எல்லோர் கையிலும் இருப்பது ஒரே டிக்கெட்தான். ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தம் போட்டுக் கட்டிய கான்கார்டு விமானமும் இதே கதைதான். செலவு எகிறியது தெரிந்தும் அரசுகள் பின்வாங்கவில்லை. பயணிகள் சேவைக்கு வந்தவை 14 விமானங்கள்தான்.

அதற்காக, கஷ்டம் வந்ததும் எதையும் கைவிட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. என் மகள் படிப்பின் கடைசி ஆண்டில் நிறுத்திவிடுகிறேன் என்றபோது, "மூணு வருஷம் வீணாகுமே" என்று நான் கத்தினேன். தப்பான வாதம். "இன்னும் ஆறு மாசம் படிச்சா பட்டம் கையில்" என்று சொல்லியிருக்க வேண்டும். முடிவு ஒன்றுதான், ஆனால் இனிமேல் என்ன செலவு, என்ன வரவு என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு. நல்லவேளை, அவளே அதைப் போட்டுப் பார்த்துப் படித்து முடித்தாள்.

செலவு நோட்டில் போனது மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பணம் வேறு எதற்கு ஆகியிருக்கும் என்பதற்கு அதில் இடம் இல்லை. மெக்கானிக்குக்காக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மூன்று சனிக்கிழமைகளும் அதில் இல்லை. வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். எனவே இப்போது பென்சிலால் வலப்பக்கம் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். தலைப்பு: 'இல்லையென்றால்?'

சில்லறைச் செலவுக்கெல்லாம் அதை நிரப்புவதில்லை, பைத்தியம் பிடித்துவிடும். போன வாரம் என் பழைய ஸ்கூட்டருக்கு நேரே மனைவி ஏதோ எழுதி வைத்திருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர்