பல்பை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரவில் எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது, வயதானவர்கள் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு வெளியே போகவே பயமாக இருக்கிறது என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் அப்படி விளக்கு போட்டுக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் திமிர் பிடித்தவர்கள் இல்லை, பாதிப் பேர் சொந்த வண்டியில் பாதை தெரியாமல் தவித்து, யாரோ சொன்னதைக் கேட்டு எல்.இ.டி. பல்பை மாட்டிக்கொண்டவர்கள். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய 1995 மாடல் அம்பாசிடர், இசுசு இன்ஜின் வைத்த 1800 பெட்ரோல் வண்டி. இன்ஜின், பிரேக் எல்லாம் ஒழுங்காகப் பார்த்து வைத்திருக்கிறேன், ஹெட்லைட் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. பிரைட்டில் ஓரளவு சமாளிக்கலாம். டிம்மில் போட்டால் செம்மஞ்சளாக, காற்றுக்கு அணையப் போகிற அரிக்கேன் விளக்கு மாதிரி ஒரு வெளிச்சம் பானெட்டுக்கு முன்னால் விழும், அவ்வளவுதான். பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நானும் விட்டுவிட்டேன். பல்பு மட்டும் மூன்று தடவை மாற்றினேன்.

போன தை மாதம் பழனிக்குக் காரிலேயே புறப்பட்டோம். காரைக்குடி, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போகும் பாதையில் தைப்பூச சமயத்தில் எவ்வளவு பேர் நடந்து போவார்கள் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்கு முன்னால் தூரம் கடந்துவிடலாம் என்று பாதி ராத்திரியிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள், நிறையப் பேர் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. அந்தப் பச்சை ராத்திரியில் கறுப்புதான். விடிகாலை நாலு மணி இருக்கும், சிங்கம்புணரி தாண்டிக் கொஞ்ச தூரம், எதிரே ஒரு பஸ் வந்ததால் டிம்முக்கு மாற்றினேன். பஸ் கடந்ததும் எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ரோடும் இல்லை, ஓரமும் இல்லை. சட்டென்று ஒரு சின்ன சிவப்புப் பொட்டு மினுங்கியது, யாரோ ஒரு அம்மாவின் தோள்பையில் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர். பிரேக்கை மிதித்து வண்டி நின்றபோது அந்த அம்மாவுக்கும் பம்பருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை, அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு "முருகா" என்று சொல்லி நடந்துவிட்டார்கள். எனக்கு ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 16, 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க 45 மீட்டராவது வேண்டும், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் வைத்த பழைய வண்டிக்கு அதற்கு மேலேயே வேண்டும். என் விளக்கு காட்டியது 20 மீட்டர் இருந்திருக்குமா, சந்தேகம்தான். அன்றைக்கு நான் 40-ல் போனதால் தப்பித்தோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஆக்சசரீஸ் கடை ஒன்றுக்குப் போனேன். எல்.இ.டி. பல்பு போடுங்கள் சார், பகல் மாதிரி இருக்கும் என்றார்கள். போட்டேன். முன்னால் பால் கொட்டிய மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது உண்மை. ஆனால் அந்த வெளிச்சம் பூராவும் வண்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, பக்கத்து ரோடு அவ்வளவு பளிச்சென்று இருந்தால் கண் அதற்குப் பழகிச் சுருங்கிவிடுகிறது, தூரத்தில் இருப்பது முன்பைவிட இருட்டாகத் தெரிகிறது. மிச்ச வெளிச்சம் புளியமர உச்சிக்குப் போனது. ஒருநாள் எதிரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் பின்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர், ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, வண்டியை மண்ணில் இறக்கி அப்படியே நின்றுவிட்டார். நான் டிம்மில்தான் போட்டிருந்தேன். அன்று ராத்திரியே அதைக் கழற்றிவிட்டேன்.

ஏன் அப்படி ஆகிறது என்பது பின்னால்தான் புரிந்தது. நம் வண்டிகளில் இருக்கும் எச்-4 ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழை உண்டு, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும், கீழ்ப்பக்கம் போய், பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே ஏறக்கூடிய வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால்தான் மேலே சிதறாமல் கோடு போட்ட மாதிரி வெட்டி விழுகிறது. ரிஃப்ளெக்டர் வளைவையே அந்த இழை இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வேறு வடிவத்தில், ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒரு எல்.இ.டி. சில்லை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறத்தான் செய்யும். எல்.இ.டி.க்கென்றே செய்த ஹெட்லைட்டோடு வரும் புது வண்டிகளின் கதை வேறு, அதை நான் குறை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன், சின்னப் பட்டறை, அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பல்பைக் கையில்கூட வாங்கவில்லை. "தம்பி, பல்பு பட்டினி கிடக்கு, அதைப் போயி குத்தம் சொல்றீங்களே" என்றார். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வைத்தார், 13.9 வோல்ட். பிறகு பல்பு ஹோல்டரின் பின்பக்கம் டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி) நடுவில் வைத்தார், 11.4. இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

இரண்டரைதானே என்று நினைத்தேன். ஹாலஜன் பல்பு அப்படிக் கணக்குப் பார்க்காது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். என் வண்டியில் 18 சதவீதம் குறைந்ததற்கு வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நான் மாற்றிய மூன்று பல்பும் நல்ல பல்புகள், ஒன்றுக்குக்கூட முழுச் சாப்பாடு கிடைக்கவில்லை.

பிறகு அந்த இரண்டரையை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஹெட்லைட் எர்த் ஒயரிலும் வைத்தால் 0.9 வோல்ட். நல்ல எர்த் என்றால் அங்கே ஒன்றும் காட்டக் கூடாது, காட்டினாலும் 0.1, 0.2தான். மட்கார்டு உள்பக்கம் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால் அடியில் பூரா பெயின்ட், அதற்கு மேல் துரு. பல வருஷத்துக்கு முன்னால் டிங்கர் வேலை பார்த்துப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்தைச் சுரண்டாமல் அப்படியே முடுக்கிவிட்டிருக்கிறார்கள். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் சேர்ந்து லேசாக மினுங்கிக்கொண்டிருந்தது, நான் அதைக் கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை, எர்த் கெட்டதற்கு அதுதான் அடையாளமாம். உப்புத்தாளால் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, இரண்டு விளக்கிலிருந்தும் தனித்தனியாகப் புது எர்த் ஒயர் இழுத்து முடுக்கினார். மீட்டர் 0.1 காட்டியது. அந்த ஒரு வேலைக்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

மிச்சம் 1.6 வோல்ட் பாசிட்டிவ் பக்கம். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்சுக்குப் போய், மறுபடி முன்னால் ஓடுகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்து 9 ஆம்பியர், ஒயரோ மெல்லிசு, சுவிட்சின் உள்ளே முப்பது வருஷத்துக் கரி. ஏறக்குறைய 14 வாட் வெளிச்சமாகாமல் அங்கேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது, அரை மணி நேரம் லைட் போட்டு ஓட்டிய பிறகு சுவிட்சைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இதற்கு வைத்தியம் ரிலே, அதாவது கொஞ்சம் கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ஒரு சின்ன சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நேராக ரிலே, அங்கிருந்து நேராக பல்பு. பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும்தான், அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். எல்லாம் முடிந்து மீட்டரை வைத்தபோது பல்பில் 13.4 வோல்ட். அதே 55 வாட் பல்புதான். சாமான்களுக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள், நான் எல்.இ.டி.க்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். எல்.இ.டி. போட்டிருந்த இரண்டு வாரமும் ஒயரிலும் எர்த்திலும் இருந்த நோய் அப்படியேதான் இருந்தது. எல்.இ.டி.க்குள் இருக்கும் சர்க்யூட் குறைந்த வோல்ட்டிலும் ஒப்பேற்றிவிடும், அதனால் நோய் மறைந்துபோகும், குணமாகாது. அதைவிட மோசம் பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90 என்று வரும் 100/90 வாட் பல்பு. பழைய ஒயரில் அதை மாட்டினால் கரண்ட் இன்னும் கூடுதலாக இழுக்கும், வோல்ட் இன்னும் இறங்கும், ஹோல்டர் உருகும். அந்தப் பட்டறையில் உருகிக் கறுத்த ஹோல்டர்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன.

வெளிச்சம் வந்த பிறகு குறி பார்க்க வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டயரில் காற்று சரியாக இருக்க, டிரைவர் சீட்டில் ஆளை உட்கார வைத்து, விளக்கின் நடு உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். வலப்பக்கம் விளிம்பு மட்டமாக, இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறும். அந்த இடப்பக்கக் கீற்று எதற்கு என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல், நம் ஓரத்தில் நடந்து போகிறவரைத் தூரத்திலேயே காட்டத்தான் அது இருக்கிறது. சிங்கம்புணரியில் நான் பார்க்காமல் போன இடம் அதுதான்.

அம்பாசிடர்காரர்கள் பின்பக்க ஸ்பிரிங் பட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை படுத்துவிட்டால் பின்னால் மூன்று பேர் ஏறியதும் மூக்கு தூக்கிக்கொண்டு, டிம் போட்டாலும் பிரைட் மாதிரி எதிரே அடிக்கும். சான்ட்ரோ மாதிரி பிளாஸ்டிக் முகப்பு வண்டிகளில் வெயிலில் மஞ்சள் பூத்திருந்தால் ஒயர் நன்றாக இருந்தும் பயனில்லை, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டு, மேலே வெயில் தாங்கும் பூச்சு ஒன்று அடிக்க வேண்டும். பூச்சு இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். உள்ளே ரிஃப்ளெக்டர் வெள்ளி உரிந்திருந்தால் மட்டும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எதிரே வருகிறவர் கண் கூசாதபடி விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் டிரைவர் கீழே இறக்கிக்கொள்ளும்படியாவது இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது, 106-வது விதி. 8 மீட்டர் முன்னால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கணக்கில் வைத்து எழுதிய விதி அது. முன்பு ஹெட்லைட்டில் கறுப்புப் பெயின்ட் பொட்டு வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். 15 வருஷம் முடிந்த சொந்தக் கார்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஆர்.சி. புதுப்பிக்கிறோம். அங்கே லைட் எரிகிறதா என்பதோடு விடாமல், சுவரில் கோடு போட்டு எங்கே விழுகிறது, பல்பில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்லி போக்குவரத்துத் துறை ஓர் உத்தரவு போட வேண்டும். மீட்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பார்க்க ஐந்து நிமிஷம். கூச வைக்கிற வண்டியும் மாட்டும், கண் தெரியாமல் ஓடுகிற வண்டியும் மாட்டும், எது தப்பு என்று சொந்தக்காரருக்கும் தெரிந்துவிடும்.

மார்கழி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரத்தில் எங்கள் ஊர் வழியே காவடிகள் கிளம்பும். இதைப் பிரசுரிப்பதாக இருந்தால் தயவுசெய்து தை பிறப்பதற்குள் போட்டுவிடுங்கள், இடமில்லை என்றால் என் அம்பாசிடர் கதையை வெட்டிவிட்டு எர்த், ரிலே, சுவர்க்கோடு இந்த மூன்றையாவது போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி