கும்பினிச் சம்பளக்காரர்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த இரவு, 1806இல் அங்கே கலகம் செய்த சிப்பாய்களைப் பற்றிப் போனில் கேட்டாயே, "கும்பினிகிட்ட சம்பளம் வாங்கினவங்கதானே, அவங்களுக்கு எதுக்குண்ணா நினைவுத்தூண்?" என்று. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பு.

கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கினார்கள், உண்மை. கும்பினிக்கு நாடு பிடித்துக் கொடுத்ததிலும் அவர்கள் கை உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்தியபோது மெட்ராஸ் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். அதே மெட்ராஸ் படையின் சிப்பாய்கள் ஏழே வருஷத்தில் வேலூரில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். நடுவில் என்ன நடந்தது?

மெட்ராஸ் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் புது உடை விதி வந்தது. அணிவகுப்பில் நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தலைப்பாகையும் மாறியது, பார்த்தால் தொப்பி மாதிரி, அதில் தோலால் செய்த சின்னம் வேறு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஊரில் பெயரே தொப்பிக்காரர். அதை மாட்டிக்கொண்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? 1806 மே மாதமே ஒரு பட்டாலியன் மறுத்தது. கசையடி கொடுத்தார்கள்.

வழக்கமாகச் சிப்பாய்கள் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் குடும்பத்தோடு படுப்பார்கள். ஜூலை 9 இரவு, மறுநாள் அணிவகுப்பு என்பதால் உள்ளேயே தங்கினார்கள். விடியுமுன் கலகம் வெடித்தது. 69ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்கள் 100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலர் தூக்கத்திலேயே. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. இதை மறைத்துவிட்டுப் போற்ற எனக்கு மனம் வராது, தம்பி.

ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தான். காலையிலேயே கோட்டை மறுபடி கும்பினி வசமானது. கோட்டையிலிருந்த அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை கிடையாது. அப்புறம் விசாரித்துத் தண்டித்தவர்களில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். கோட்டையை மீட்க வந்தவர்களில் மெட்ராஸ் குதிரைப்படையின் 7ஆம் ரெஜிமெண்டும் உண்டு. அவர்களும் நம் ஆட்கள், அதே கும்பினிச் சம்பளக்காரர்கள். எனக்கு நெஞ்சில் தைப்பது அதுதான்.

உடை உத்தரவு ரத்தானது. கிரடாக்கையும் மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்கையும் 1807இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கலகம் செய்த பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன.

கோட்டைக்கு வெளியே அந்தக் குடிசைகளில் இருந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு அன்று காலை வெடிச்சத்தம் கேட்டிருக்கும். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். சேர்ந்தே போவோம், இந்தத் தடவை அகழிக்கு வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அன்புடன்,
அண்ணன்