கையொப்பமிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறைசேரியின் செயலாளருக்கும், அமைச்சுச் செயலாளர்களுக்கும், மாகாணப் பிரதம செயலாளர்களுக்கும், மாவட்ட, பிரதேச செயலாளர்களுக்கும், இவர்களுக்கெல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் கணக்காளர்களுக்கும்,

வணக்கம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இலங்கை அரசாங்கக் கணக்குப் பார்த்தவன். கச்சேரி எனும் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களம் என்று வடக்கிலும் கிழக்கிலும் மாற்றலாகி மாற்றலாகி இருந்தேன். 2022 டிசம்பர் 31 அன்று, ஓய்வு வயதை மறுபடி 60 ஆக்கியபோது, ஒரே நாளில் வெளியே போன கூட்டத்தில் நானும் ஒருவன். உங்களில் சிலர் என் மேசைக்கு முன்னால் நின்று வவுச்சர் பார்க்கப் பழகியவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் வயல் பக்கம் போகிற ஒழுங்கையில் ஒரு சின்ன மதகு உடைந்துவிட்டது. சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் என்னை முன்னால் விட்டு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், பழைய ஆள் என்று. போய்ப் பார்த்தால் மதிப்பீடு இருக்கிறது. ஒதுக்கீடும் இருக்கிறது. மூன்று விலைகள் கேட்டாயிற்று, குறைந்த விலைக்காரரும் தயார். கோப்பு மட்டும் நகரவில்லை. பொறுப்பான உத்தியோகத்தர் என் மகன் வயசுக்காரர், நல்ல பிள்ளை. எழும்பி நின்று கதிரை தந்தார். “சேர், விலை மதிப்பீட்டைவிடக் கொஞ்சம் கூட. நாளைக்கு ஓடிட் வந்தால் நான்தானே பதில் சொல்ல வேணும்” என்றார். அப்படியென்றால் கூடியதற்கான காரணத்தை எழுதி மேலே அனுப்பலாமே என்றேன். சிரித்தார். “மேலே போனால் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும் சேர். அதைவிட இங்கேயே இருக்கட்டும்.”

அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை நீங்கள் எல்லோரும் வாசித்திருப்பீர்கள். நாட்டின் பொருளாதாரத்தை விழுத்தி மக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் யார் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் பெயர் சொன்னார்கள். ராஜபக்ச சகோதரர்கள் மூவரின் பெயரும் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. என் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது மற்றப் பெயர்கள்தான்: திறைசேரிச் செயலாளராக இருந்த ஆட்டிகல, ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பி.பி. ஜயசுந்தர, மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த கப்ரால், லக்ஷ்மன். தேர்தலில் நின்று வந்தவர்கள் அல்ல. நிதியும் பொருளியலும் தெரிந்தவர்கள் என்று நம்பி அந்தக் கதிரைகளில் இருத்தப்பட்டவர்கள். தண்டனை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, மனுதாரர்களுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் செலவுத் தொகை கொடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால், மேலே இருப்பவர் சொன்னார், நான் செய்தேன் என்ற பதில் இனி எடுபடாது என்பது அன்றோடு முடிவாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பை வாசித்தவர்களில் பலர் எடுத்துக்கொண்ட பாடம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கையொப்பமே வைக்காமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கினார்கள். வருடத்துக்கு 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்பவர் வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை ஒரேயடியாக 30 கோடியானது. அடுத்த மாதமே சம்பளத்தில் வெட்டிய வரியும் நின்றது. பொய் சொல்ல மாட்டேன், என் சம்பளச் சீட்டிலும் அந்தக் கழிவு இல்லாமல் போனபோது எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்காரியிடம் காட்டினேன். 2020 ஒக்டோபரில் சீனிக்கு ஒரு கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த தீர்வை 25 சதமாயிற்று. கடையில் சீனி விலை அந்தளவுக்கு இறங்கியதை நான் காணவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதம் அளவில் இருந்த அரச வருமானம் இரண்டே வருடத்தில் 8 வீதத்துக்குக் கிட்ட வந்து நின்றது. மிச்சத்துக்கு மத்திய வங்கி, அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலை வாங்கிக் காசு அச்சடித்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்த 2022 ஜனவரி 18 இல் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனை முழுதாகக் கட்டினோம். மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம்.

கணக்குப் படித்த எவருக்கும் இது முன்கூட்டியே தெரியாத விஷயமா? வருமானத் தலைப்பில் எவ்வளவு விழும் என்பதை வரி குறைத்த அன்றே கல்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம். தேநீர் இடைவேளையில், வாகனத்தில் போகும்போது, நம்பிக்கையான ஆட்களிடம் இதைச் சொன்னவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். நானே கச்சேரிச் சாப்பாட்டு அறையில் பெரிய பொருளியல் நிபுணன் மாதிரிப் பேசியிருக்கிறேன். அதெல்லாம் காற்றோடு போகும். கோப்பில் உள்ள குறிப்புக்குத்தான் வயது உண்டு. “இதனால் ஏற்படும் வருமான இழப்பு இவ்வளவு, அதை ஈடுசெய்ய வழி காட்டப்படவில்லை, தங்கள் கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்” என்று இரண்டு வரி எழுதக் கால் நிமிடம் போதும். அதற்குப் பிறகும் அமைச்சர் செய்யச் சொன்னால் செய்யுங்கள், அது அவருடைய அதிகாரம். ஆனால் அந்த இரண்டு வரி அங்கே இருக்க வேண்டும்.

பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. காகிதம் இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். நாங்கள் பழைய கடிதங்களின் பின்பக்கத்தில் அச்சடித்தோம். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வர வேண்டாம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. நான் கத்தரி நட்டேன், அணில் தின்றது. அதே காலத்தில் சம்பளமில்லாமல் ஐந்து வருடம் வரை லீவில் வெளிநாடு போகலாம் என்று இன்னொரு சுற்றறிக்கை. இங்கிலிஷும் கணினியும் தெரிந்த, கை சுறுசுறுப்பான ஆட்கள்தான் முதலில் போனார்கள். அவர்கள் விட்டுப்போன கதிரைகளில் இன்றைக்கு ஒருவர் இரண்டு மூன்று பேரின் வேலையைப் பார்க்கிறார். குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆனது நல்லதுதான். ஆனால் போனவர்கள் திரும்பி வர அது போதாது.

சரி, இப்போது சட்டங்கள் வந்துவிட்டன. 2023 இன் மத்திய வங்கிச் சட்டத்தால் அரசாங்கத்துக்குக் காசு அச்சடித்துக் கொடுப்பது நின்றது. 2024 இன் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. வரவேற்கிறேன். ஆனால் 2003 இலும் ஒரு சட்டம் இருந்தது. வரவு செலவுப் பற்றாக்குறையை 2006 இலேயே 5 வீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று எழுதிவைத்து, இலக்கு எட்டாதபோதெல்லாம் ஆண்டைத் தள்ளிக்கொண்டு போனோம். சட்டத்தைக் காப்பாற்றுகிறவர் செயலாளர் கதிரையில் இருக்கும் ஆள்தான். அவரைப் பார்த்துக்கொள்ளும் கணக்காய்வாளர் நாயகம் 2025 ஏப்ரலில் ஓய்வுபெற்ற பிறகு, நிரந்தரமாக ஒருவரை நியமிக்க இந்த நாட்டுக்கு எத்தனை மாதம் எடுத்தது என்பதையும் பார்த்தோம்.

எனக்கு அதிகம் சொல்ல இருப்பது எங்கள் பக்கத்துச் சங்கதி. கொழும்பில் இருந்து பார்த்தால் இது தெரியாது.

நமது நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வடக்குக் கிழக்கில் மாரி ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை நிற்கும். வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் நிறைவேறும். புது வருடம் பிறந்து சுற்றறிக்கை வந்து, திட்டப் பட்டியல் மேலே போய் இறங்கி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட்டு முடியச் சித்திரை வருடப்பிறப்பு வந்துவிடும். ஒரு ரீ.ஓ.வுக்கு மூன்று பிரிவு, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் கணக்கு வேறு. கேள்விப்பத்திரம் கோரி, குழு கூடி, ஒப்பந்தம் எழுத ஆடி ஆவணி. கட்டுநிதி, அதாவது திறைசேரி செலவுக்கு விடுகிற காசு, துளித்துளியாக வரும். ஒப்பந்தக்காரர் கல்லும் மணலும் இறக்கும்போது முதல் மழை இறங்கும். மழைக்குள் கிரவல் போடுவோம், தை மாதம் அது வாய்க்காலில் கிடக்கும். முழுக் காசும் வருவது மார்கழி நடுப்பகுதியில், 31 ஆம் திகதிக்குள் செலவழி, இல்லாவிட்டால் திரும்பும் என்ற தொலைபேசி அழைப்போடு.

ஒரு மார்கழியில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வேலை முக்கால்வாசிதான் முடிந்திருந்தது. காசு திரும்பினால் அடுத்த வருடம் அந்தக் கட்டடம் கூரையில்லாமல் நிற்கும். முழுத் தொகைக்கும் காசோலை எழுதி, ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். வேலை முடிந்து மாசியில்தான் கொடுத்தேன். ஒரு சதம் களவு போகவில்லை, கூரையும் வந்தது. ஆனால் வேலை முடிந்தது என்று அத்தாட்சிப்படுத்திய என் கையொப்பம் பொய். ஐயவினா, அதாவது கணக்காய்வாளர் எழுத்தில் கேட்கும் கேள்வி, வந்தபோது மூன்று பக்கம் பதில் எழுதினேன், அந்த மூன்று பக்கத்திலும் உண்மை இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, நடப்பதை நடந்தபடி எழுதி, மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்பது. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

என்னைப் போல எத்தனை பேர் எத்தனை மார்கழியில் இதைச் செய்திருப்பார்கள்? வருடம் தவறாமல் நடக்கும் ஒன்றுக்கு ஆளாளுக்குப் பொய் எழுதுவதைவிட, மழை நாட்காட்டியைப் பார்த்து இந்த இரண்டு மாகாணங்களுக்கும் மூலதன வேலைக்கான கட்டுநிதியை முதல் ஆறு மாதத்துக்குள் விடுங்கள் என்று பிரதம செயலாளர்கள் சேர்ந்து திறைசேரிக்கு எழுதலாம். கிழக்கு மாகாணசபை 2017 இலும் வடக்கு மாகாணசபை 2018 இலும் காலம் முடிந்து கலைந்தன. அதற்குப் பிறகு தேர்தல் இல்லாமலே வருடங்கள் போய்விட்டன. ஆளுநரும் பிரதம செயலாளருமாகத்தான் மாகாணத்தை நடத்துகிறீர்கள். சபையில் எழும்பி நின்று கேட்க ஒரு உறுப்பினர் இல்லாதது உங்களுக்கு வசதியாகவும் இருக்கலாம். கேட்க ஆள் இல்லாததால்தான் நான் கேட்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பயத்தின் விலை என்ன என்பது கொஞ்சம் வெளியே தெரிந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர் போனது. வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தண்ணீர் வந்ததற்குச் சாட்சியாகச் சுவரில் சேற்றுக் கோடு இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயரை எழுதி ஒப்பமிட வேண்டிய கிராம உத்தியோகத்தருக்கு, பிழையாக ஒருவர் சேர்ந்துவிட்டால் நாளைக்கு நி.பி. 104 (அரசுக்கு ஏற்படும் நட்டத்துக்கான நிதிப் பிரமாணம்) விசாரணையில் யார் கட்டுவது என்ற யோசனை. அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அவருக்கு மேலே உள்ளவர், “நல்லெண்ணத்தோடு செய்ததற்கு நான் பொறுப்பு” என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் கை ஓடியிருக்கும். வாயால் சொல்வது போதாது. எழுத்தில், திகதியோடு, பெயரோடு கொடுக்க வேண்டும்.

திறைசேரிச் செயலாளர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விலை மதிப்பீட்டைவிடக் கூடியபோது, காரணம் கோப்பில் எழுதப்பட்டிருந்தால், பிரதேச செயலாளர் எந்த அளவு வரைக்கும் தானே தீர்மானிக்கலாம் என்று ஒரு பக்கத்தில், மூன்று மொழியிலும் அனுப்பிவையுங்கள். தமிழ்ப் பிரதி ஆறு மாதம் பிந்தி வருகிற வழக்கத்தையும் இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். கணக்காய்வுத் திணைக்களத்தாரே, நீங்களும் ஐயவினா எழுதும்போது செலவழித்த காசை மட்டும் கேட்காதீர்கள். ஒதுக்கீடு இருந்தும் ஏன் செலவழிக்கவில்லை, யாருடைய மேசையில் எத்தனை நாள் கோப்பு கிடந்தது என்று ஒரு வினா எழுதிப் பாருங்கள்.

மதகு விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நான் திரும்பவும் போனேன். அந்தத் தம்பிக்குப் பக்கத்தில் இருந்து, விலை ஏன் கூடியது, சீமெந்து என்ன விலை என்று அரைப் பக்கம் எழுத உதவினேன். கையொப்பமிட்டு மேலே அனுப்பினார். இதை எழுதும்வரை அது மேலேயே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கிறார்கள். மாரிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வட மாகாணம்.