பொன்னாடையோடு ஒரு மணி நேரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியில் எங்கள் தொழிலின் மூத்தவர் வரும் மாதம் 80 வயதை நிறைவு செய்கிறார். ஊரார் மண்டபம் எடுத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரை மேடையில் இருத்தி வாழ்த்துவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. மனம் நிறைந்த நன்றி. கூடவே ஒரு வேண்டுகோள்: பேச்சாளர்களைக் குறைத்து, ஒரு மணி நேரத்தை அவருடைய கைக்குக் கொடுங்கள். அவர் செய்து காட்டட்டும். தொழில் பழகும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். யாராவது அதை வீடியோ எடுக்கட்டும்.

முதலில் கைக்குழந்தைக்கு முடி இறக்குவது. பொம்மையில் காட்டினாலும் போதும். 31ஆம் நாள் துடக்குக் (பிறப்புத் தீட்டு) கழிவுக்கு எங்கள் ஆட்களும், 7ஆம் நாள் முடி இறக்கி அதன் நிறைக்கு வெள்ளி தர்மம் கொடுக்கும் மருதமுனைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் இன்றும் அவரைத்தான் கேட்டு வருகிறார்கள். தொழில் பழகுகிறவருக்கு இதில் கை நடுங்குவது, குழந்தையின் மண்டையோடு இன்னும் சேராத உச்சிக்குழியில்தான்; அது மூடுவதற்கு ஒன்றரை வயதளவில் ஆகும். பால் குடித்து நித்திரை வரும் நேரம் பார்த்து, அம்மம்மாவின் மடியில் பிள்ளையைக் கிடத்தச் சொல்லுவார். இளஞ்சூட்டுத் தண்ணீரை 5 நிமிடமாவது தொட்டுத் தொட்டுத் தலையில் வைப்பார். இந்த 5 நிமிடத்தில் அவசரப்பட்டால், நனையாத முடியை பிளேட் இழுக்கும், பிள்ளை வெடுக்கென்று தலையைத் திருப்பும், காயம் வருவது அப்போதுதான். இடது பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, பிளேட்டை நன்றாகச் சரித்து, நகத்தளவு நகத்தளவாக இறக்குவார். உச்சிக்குழியில் விரலும் அழுத்தாது, கத்தியும் அழுத்தாது. தப்பித்தவறிக் கீறினால் சந்தனம் பூச விடமாட்டார். சுத்தமான துணியால் அழுத்தி, இரத்தம் நின்ற பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது படுக்கையில் கிடக்கும் வயோதிபருக்குச் சேவ் எடுப்பது. வீட்டுக்குப் போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இரத்தம் இளக்கிற குளிசை குடிக்கிறாரா?" வார்பரின் போன்றவை எடுப்பவருக்குச் சின்னக் கீறலும் நெடுநேரம் கசியும், அவர்களுக்கு பிளேட் வைக்காமல் ட்ரிமரால் ஒட்ட எடுத்து விடுவார். மற்றவர்களுக்குத் தலையணையை உயர்த்தி, சூட்டுத் துவாயை 3 நிமிடம் கன்னத்தில் வைத்து, பல் விழுந்து குழிந்த கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளச் சொல்லுவார். நாக்கைத் தள்ள இயலாதவருக்குக் காதடியில் தோலை மேலே இழுத்துப் பிடிப்பார். குழியில் பிளேட்டின் மூலை குத்துவதுதான் இங்கே வரும் பிழை.

சவரக்கத்தி தீட்டுவதையும் அவரிடமே பார்க்க வேண்டும். கல்லில் வாய் (கூர்ப்பக்கம்) முன்னே போகும், தோல்வாரில் முதுகு முன்னே போகும். திருப்பும்போது முதுகில்தான் புரட்ட வேண்டும்; வாயில் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் மடியும். வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். முகத்தில் வைக்கும் சரிவு 30 பாகை அளவு. இவ்வளவு கைவந்தவர், அந்தக் கத்தியைக் கடையில் பாவிப்பதைத் தானாகவே நிறுத்தி, ஆளுக்கொரு புது அரை பிளேட்டுக்கு மாறினார். தோல்வாரைக் கிருமி நீக்க முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். தன் பெருமைக்குரிய கருவியை வாடிக்கையாளரின் நலனுக்காக மடித்து வைத்த அந்தச் செயல் ஒன்றுக்கே பொன்னாடை போர்த்தலாம்.

கையால் அழுத்தி முடி வெட்டும் கை மெஷினை அவர் இன்னும் விடவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது அதுதான் கைகொடுத்தது. தையல் மெஷின் எண்ணெய் 2 துளி போதும். தேங்காயெண்ணெய் பற்களுக்கிடையில் பிசினாகிவிடும். திருகாணி தளர்ந்தால் முடி வெட்டுப்படாமல் மடிந்து இழுபடும்.

பிடரியை வழிக்கும்போது அவருடைய கண் தோலையும் பார்க்கும். வெளிறிய தேமல் இருந்து, அதில் தொட்டால் உணர்வில்லையென்றால், மற்றவர் காதில் விழாமல் சொல்லி ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்கு அனுப்பிவிடுவார். தொழுநோயாக இருந்தால் 6 அல்லது 12 மாத மருந்தில் குணமாகும், மருந்தும் இலவசம். எங்கள் மாவட்டத்தில் இந்த நோய் இன்னும் இருக்கிறது. எங்கள் இளைஞர்கள் கத்தரிக்கோலோடு இதையும் பழக வேண்டும்.

இன்னொன்றையும் விழாக் குழுவினர் யோசிக்க வேண்டும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது. 80 வயதிலும் அவர் கடை திறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுயதொழில் செய்வோருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, ஆனால் 60 வயதுக்கு முன் சேர வேண்டும். அன்றைக்குப் பிரதேச செயலக உத்தியோகத்தர் ஒருவர் படிவங்களோடு வந்தால், கூடியிருக்கும் இளம் தொழிலாளர்களை அங்கேயே பதிந்துவிடலாம்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சலூன் கதிரை ஒன்று, சுடுதண்ணீர்ப் போத்தல், துவாய்கள் நாங்கள் கொண்டு வருகிறோம். அவரால் நெடுநேரம் நிற்க முடியாது, முழங்கால் நோ. உயரமான ஸ்டூல் ஒன்றும், முகத்துக்கு முன்னாலிருந்து விழும் வெளிச்சமும் மண்டபத்தார் ஒழுங்கு செய்து தந்தால் போதும்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் தொழிலாளர்கள்,
களுவாஞ்சிகுடி.